அத்தையின் முழங்கால்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்கள். ஃபோன் வந்தால் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசுவாள். கூட்டம் என்று கூப்பிட்டால் சுவரோரமாக நின்றுகொண்டே கேட்பாள். ஒரு கோப்பை டீயைக்கூட அவளால் ஒரே இடத்தில் குடித்து முடிக்க முடியாது. பாதி குடித்த கோப்பைகள் ஜன்னல் விளிம்பில், பிரின்டர் மேல், மாடிப்படி முனையில் என்று கூடம் முழுக்க ஆறிக் கிடக்கும். மாலையில் பெருக்க வரும் அம்மா அவற்றையெல்லாம் பொறுக்கி வந்து, "உங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்பார்.

"இல்லைங்க. என் வீட்டுக்காரர் உக்காந்தா எழுந்திருக்க மாட்டார். அவங்கம்மாதான் என்னை மாதிரி."

இப்படிப்பட்டவள் தன் வாழ்க்கையைக் கொடுத்திருந்தது உடம்பிலேயே மிகவும் சோம்பலான ஒரு பொருளுக்கு. மூட்டுகளில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு அது. நனைந்த சோப்பைப் போல வெள்ளையாக, வழுவழுப்பாக இருக்கும். அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. தோலில் கீறல் விழுந்தால் ரத்தம் ஓடிவந்து அடைக்கிறது. எலும்பு முறிந்தாலும் காலப்போக்கில் கூடிவிடுகிறது. குருத்தெலும்பில் ஒரு பள்ளம் விழுந்தால் மட்டும் உதவிக்கு வர ஆளில்லை. உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனிக்குடித்தனம் செய்யும் செல்களுக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அப்படியே ஏதாவது வளர்ந்து பள்ளம் மூடினாலும் அது வெறும் வடு. பார்வைக்குக் குருத்தெலும்பு போலவே இருந்து, பாரம் தாங்கத் தாங்க நாராகப் பிய்ந்து போகும். அந்தப் பள்ளத்தில் வடு வராமல் நிஜக் குருத்தெலும்பை வளர்ப்பது எப்படி என்பதுதான் அந்தக் கூடத்தில் இருந்தவர்களின் கேள்வி.

வாரத்தில் சில நாள் அவளுடைய காலைப்பொழுது கறிக்கடையில் தொடங்கும். கன்றின் முழங்கால் வேண்டும், மூட்டைத் திறந்திருக்கக் கூடாது, அன்றைக்கு அறுத்ததாக இருக்க வேண்டும். கடைக்காரர் முதலில் அவளைச் சந்தேகத்தோடு பார்த்தவர். பிறகு பழகிப்போய், "டாக்டரம்மாவுக்கு முட்டி எடுத்து வைடா" என்று உள்ளே குரல் கொடுப்பார். "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்று அவளும் ஒவ்வொரு முறையும் சொல்வாள். பையோடு கூடத்துக்கு வந்து, மூட்டைத் திறந்து, குருத்தெலும்பைக் கத்தியால் மெல்லிய சீவல்களாகச் சீவி, பொடிப்பொடியாக நறுக்கி, அதைக் கரைக்கும் திரவத்தில் ஊறப்போட வேண்டும். செல்கள் மட்டும் பிரிந்து வரும். அவற்றைத் தட்டில் வளர்த்து, பெருகியதும் ஜெல்லி போன்ற ஒன்றில் கலந்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு வில்லைகளாக வார்த்து, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதுதான் அவளுக்கு வராது.

வீட்டில் மூன்று பேர். கணவர் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தேய்த்த வில்லையை வெளிச்சத்தில் பிடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி பிடித்துப் பார்க்கும் வேலை. வீட்டிலும் அதே நிதானம். அவருடைய அம்மா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் கண்டக்டரம்மா, அவளுக்கு அத்தை. வேலைக்காலம் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றே கழித்தவர். வீட்டுக்குள்ளும் பஸ்ஸில் பேசுகிற குரல்தான். ஹாலில் யாராவது வழியில் நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க" என்பார். மருமகளும் மாமியாரும் ஒரே நேரத்தில் சமையலறைக்குள் நுழைந்தால் பாத்திரங்கள் படும் பாட்டைக் கேட்டு, கணவர் தன் நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அத்தையின் வலது முழங்கால் கொஞ்ச காலமாகவே அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பிறகு இடதும் அதோடு சேர்ந்துகொண்டது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, வலதில் தேய்வதற்கு இனி எதுவும் மிச்சமில்லை, மூட்டை மாற்றிவிடலாம் என்றார். அத்தை எழுந்துகொண்டார்.

"என் மருமக அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கா, டாக்டர். முட்டிக்குள்ள புதுசா வளக்குறா. நான் வெயிட் பண்றேன்."

டாக்டர் மருமகளைப் பார்த்தார். மருமகள் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அத்தை டிப்போவுக்குப் போகும்போதெல்லாம் இதே பேச்சுதான். ஓய்வு பெற்ற டிரைவர்களும் கண்டக்டர்களும் அங்கே கேன்டீனில் கூடுவார்கள். முட்டிவலி இல்லாத ஆளே அந்தக் கூட்டத்தில் இல்லை. "கொஞ்சம் பொறுங்கய்யா, எங்க வீட்டுலயே மருந்து ரெடியாகுது" என்று அத்தை ஒவ்வொருவருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் அவளை நிறுத்தி, "நீங்கதான் கண்டக்டரம்மா மருமகளா? எப்பம்மா வருது?" என்று கேட்டார். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு, வாங்க வந்த சாமான்களை வாங்காமலே வீட்டுக்கு வந்தாள்.

விஷயம் என்னவென்றால், அவள் செய்துகொண்டிருந்தது அத்தைக்கு ஆகாது. சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருந்து, நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் அதை நிரப்பலாமா என்பதுதான் ஆராய்ச்சி. அதுவே இன்னும் கைகூடவில்லை. முழுக்கத் தேய்ந்துபோன மூட்டு வேறு கதை. இது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். அத்தையிடம் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பாள். காலையில் நினைத்துக்கொண்டே பஸ் ஏறுவாள், மாலையில் நினைத்துக்கொண்டே இறங்குவாள். வீட்டுக்குள் வந்ததும் அத்தை, "இன்னிக்கு என்ன வளந்துச்சு?" என்று கண்ணில் ஒளியோடு கேட்பார். வாய்வரை வந்த வார்த்தை திரும்ப உள்ளே போய்விடும்.

அதனால்தானோ என்னவோ, கூடத்தில் அவளுடைய பரபரப்பு அளவு மீறிப் போயிற்று. ஏதாவது ஒன்று சீக்கிரம் நடந்துவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே இராது என்று மனத்தின் ஒரு மூலை கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அவளோடு வேலை செய்தவர் ஒரு பொறியாளர். சட்டைப்பையில் எப்போதும் ஏதாவது ஒரு கருவி இருக்கும் என்பதால் அவர் பெயர் ஸ்பேனர். அதிர்ந்து பேசாத மனிதர். வில்லைகளைச் சும்மா ஊறவைத்தால் அவை தொளதொளவென்று வடுவாகவே போகின்றன என்று கண்ட பிறகு, அவர் ஒரு இயந்திரம் செய்தார். நடக்கும்போது முழங்காலில் பாரம் விழுந்து விழுந்து எழுவது போல, வில்லைகளை மெதுவாக அமுக்கி அமுக்கி விடும் இயந்திரம். இன்குபேட்டருக்குள்ளேயே வைத்து ஓட்டலாம். காதை வைத்துக் கேட்டால் உள்ளே யாரோ செருப்பில்லாமல் நடப்பது போலிருக்கும். பாரம் பட்டால் செல்கள் விழித்துக்கொண்டு நல்ல சரக்கைச் சுரக்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் கதவைத் திறக்காமல் விட வேண்டும்.

அவள் திறந்தாள். ஒருநாள் திரவத்தின் நிறம் பார்க்க, இன்னொரு நாள் அமுக்குகிற முனை சரியாகப் படுகிறதா என்று பார்க்க, அடுத்த நாள் எதற்கென்றே தெரியாமல். கடைசியில் ஒரு காலையில் ஸ்பேனர் தட்டுகளை வெளியே எடுத்தபோது, திரவத்தின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு படர்ந்திருந்தது. பூஞ்சை. அமுக்கியவை, அமுக்காதவை எல்லாம் மொத்தமாகப் போயின.

ஸ்பேனர் தட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"எத்தனை தடவை திறந்தீங்க, மேடம்?"

"பார்க்கணும்னு தோணுச்சு."

"பார்த்தா வளருமா?"

அவள் வராந்தாவுக்குப் போய் நடந்தாள். திரும்பி வந்தபோது இன்குபேட்டர் கதவில் ஒரு பூட்டு தொங்கியது. சாவி ஸ்பேனரின் சட்டைப்பையில் இருந்தது. கூடத்தின் தலைவரான பேராசிரியர் அந்தப் பக்கமாக வந்தவர் பூட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் அறைக்குப் போய்விட்டார்.

அந்த வாரத்திலேயே அத்தைக்கு அது நடந்தது. டிப்போவிலிருந்து பஸ்ஸில் திரும்பியவர், வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் இறங்கப் போய், படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார். முழங்கால் பூட்டிக்கொண்டது. கீழேயும் இறங்க முடியவில்லை, மேலேயும் ஏற முடியவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. உள்ளே யாரோ, "வயசானவங்களை எல்லாம் ஏன் தனியா அனுப்புறாங்க" என்றார்கள். முன்பு அத்தையிடம் வேலை பழகிய ஒரு கண்டக்டர்தான் அந்த பஸ்ஸில் இருந்தார். அவர் ஓடிவந்து, "மேடம், நான் பிடிச்சுக்கிறேன்" என்று அத்தையைத் தூக்கி இறக்கி, வீட்டு வாசல்வரை தோளில் சாய்த்துக் கூட்டிவந்தார். அதுவரை பஸ் நடுத்தெருவில் நின்றது.

அவள் வேலை முடிந்து வந்தபோது அத்தை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. கணவர் பக்கத்தில் வெந்நீர்ப் பையோடு நின்றிருந்தார்.

"வண்டியை நிக்க வச்சுட்டேன்" என்றார் அத்தை. "என் சர்வீஸ்ல ஒரு நாள் ஒருத்தருக்காக வண்டி நின்னதில்ல. இன்னிக்கு எனக்காக நின்னுச்சு."

"காலை அசைக்காதீங்க, அத்தை."

"அதை விடு. இன்னும் எவ்வளவு நாளாகும்?"

"எது?"

"எதுன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள்.

"முதல்ல ஒரு இடத்துல நில்லு. நின்னு சொல்லு."

"அத்தை, அது உங்களுக்கு ஆகாது."

"ஆகாதுன்னா?"

"நாங்க பண்றது சின்னப் பள்ளத்துக்கு. பந்து விளையாடுறப்போ அடிபடும்ல, மாடிப்படியில விழுவாங்கள்ல, அந்த மாதிரி ஆளுங்களுக்கு. அவங்க முட்டியில ஒரு ஓட்டை விழுந்திருக்கும். சுத்தி எல்லாம் நல்லா இருக்கும். உங்களுக்குப் பள்ளம் இல்ல, அத்தை. ரோடே போயிடுச்சு."

அத்தை முழங்காலின் மேல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

"இல்ல. முதல்லருந்தே தெரியும்."

"ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேனே. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"வாய் வரல. நீங்க அப்படிச் சொல்றதைக் கேட்டா எனக்கே நம்பிக்கையா இருந்துச்சு."

அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "லைட்டைப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அதற்கடுத்த நாட்கள் அவளுக்கு நரகமாக இருந்தன. வாய் ஓயாத மனுஷி பேச்சை நிறுத்தினால் வீடு என்ன ஆகும் என்று அதற்குமுன் அவளுக்குத் தெரியாது. குழாயில் சொட்டும் தண்ணீர்கூடக் காதில் விழுந்தது. செய்ய ஒன்றுமில்லாமல் அலமாரிகளைத் துடைத்தாள், துடைத்த அலமாரிகளையே மறுபடி துடைத்தாள். கூடத்துக்குப் போனால் பூட்டு, வீட்டுக்கு வந்தால் மௌனம். இருப்புக் கொள்ளாமல் ஒரு மாலை கண்ணாடிக்கடைக்கே போய்க் கணவர் முன்னால் நின்றாள்.

"அத்தைக்கு என் மேல ரொம்பக் கோவம்."

அவர் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தார். "பேசுறாங்களா?"

"ஒரு வார்த்தை இல்ல."

"அப்ப கோவம் இல்ல. கோவம்னா பேசுவாங்க. என்னமோ யோசிக்கிறாங்க." லென்ஸை மறுபடி கல்லில் வைத்தார். "நீ இங்கயே நடந்துக்கிட்டு இருக்காத. தூசி பறக்குது."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒரு காலையில் அவள் கிளம்பும்போது அத்தை கூப்பிட்டார்.

"அந்த டாக்டர்கிட்ட சொல்லிடு. அறுத்துப் போடட்டும்."

"சரி அத்தை."

"நில்லு, ஓடாத. அறுத்து எடுக்குறதை என்ன பண்ணுவாங்க?"

"ஆஸ்பத்திரிக் கழிவோட போயிடும்."

"உனக்கு அது ஆகுமா?"

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். ஆகும். மனித முழங்காலிலிருந்து எடுத்த செல்களும் அந்த அமுக்குதலுக்கு மசிகின்றனவா என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. அதே வளாகத்தில் இருந்த ஆஸ்பத்திரியோடு பேராசிரியர் ஏற்பாடு செய்திருந்தார். சம்மதித்தவர்களின் துண்டு எப்போதாவது ஒன்று வந்துகொண்டிருந்தது.

"ஆகும். ஆனா தேஞ்சது போக மிச்சம் எவ்வளவு இருக்கோ தெரியாது."

"இருக்கிறதை எடுத்துக்கோ. கறிக்கடைக்கு அலையற நேரமாவது மிச்சமாகும்."

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபோது பேராசிரியர் அவளைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை, சொல்லிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும்.

"இங்க வர்ற துண்டுகளுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். ஆனா இது யாருதுன்னு உனக்குத் தெரியும். அதனால இதை நீ தொடக்கூடாதும்மா."

"சார், சீவுறதுல என்னைவிட நல்லா யார் பண்ணுவா?"

"நீதான் நல்லா பண்ணுவ. இதுக்கு இன்னும் நல்லா பண்ணுவ. கன்னுக்குட்டி முட்டிக்குக் காட்டாத பக்குவமெல்லாம் இதுக்குக் காட்டுவ. அதுதான் எனக்கு வேண்டாம். ஸ்பேனர் பண்ணட்டும்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வாதாடிப் பார்த்தாள். அவர் சொல்வது சரி என்று தெரிந்ததால் வாதம் எங்கேயும் போய் நிற்கவில்லை.

அறுவை சிகிச்சை அன்று காலை ஆஸ்பத்திரிக் காத்திருப்பறையில் கணவர் ஒரு நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவள் நடந்தாள். மற்ற நோயாளிகளின் உறவினர்கள் கால்களை மடக்கி மடக்கி வழிவிட்டார்கள். ஒரு பெரியவர், "உக்காரும்மா, எங்களுக்குத் தலை சுத்துது" என்றே சொல்லிவிட்டார். கதவு திறந்து டாக்டர் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார். மயக்கம் தெளியாத அத்தையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கணவரிடம், "நீங்க இருங்க, நான் இப்ப வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு வளாகத்தின் குறுக்கே கூடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஸ்பேனர் கையுறை போட்டுத் தயாராக இருந்தார். ஐஸ் பெட்டி வந்துவிட்டது. அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். அவர் பெட்டியைத் திறந்து, பெரிய துண்டை எடுத்து விளக்கின் கீழ் திருப்பினார். ஒரு பக்கம் குருத்தெலும்பே இல்லை. எலும்போடு எலும்பு உரசி உரசிப் பளிங்குத் தரை போல மினுங்கியது. வேலைக்காலம் முழுக்கப் பஸ்ஸின் குலுங்கலைத் தாங்கிய இடம். இந்த முட்டியோடா அந்த மனுஷி டிப்போவுக்குப் போய் வந்தார்? இதை வைத்துக்கொண்டா சமையலறையில் தன்னோடு போட்டி போட்டார்?

ஸ்பேனர் துண்டை மறுபக்கம் திருப்பினார். அந்தப் பக்கத்தில் வெள்ளையாக, கொஞ்சம் பழுப்பேறி, குருத்தெலும்பு மிச்சமிருந்தது. அவர் தலைநிமிர்ந்து, கதவுக்கு வெளியே நிற்பவளைப் பார்த்து, அந்த இடத்தை விரலால் சுட்டிக் காட்டினார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்த அத்தையோடு பேச்சும் திரும்ப வந்தது. காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். வலி உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு அத்தை அந்தப் பெண்ணையே விரட்டுவார். "ம், ரைட், போலாம். ஏன் நிறுத்திட்ட? இன்னும் மடக்கு." அந்தப் பெண் மருமகளிடம் தனியாக, "மத்தவங்களை நடக்க வைக்கத்தான் கெஞ்சணும். இவங்களைப் படுக்க வைக்க முடியலையே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தினமும் மாலையில் கேள்வி தயாராக இருக்கும்.

"என்னுது என்ன பண்ணுது?"

"தெரியாது அத்தை. எனக்குக் காட்ட மாட்டேங்குறாங்க."

"உன் ஆபீஸ்ல உனக்கே காட்ட மாட்டாங்களா?"

"சாவி என்கிட்ட இல்ல."

"கேட்டு வாங்கு. இல்லன்னா நான் வர்றேன்."

கேட்டு வாங்கவில்லை. அந்த வாரங்களில் அவள் கூடத்தில் இருந்த எல்லாக் கண்ணாடிக் குடுவைகளையும் கழுவினாள். பூட்டிய பெட்டியின் பக்கத்தில் நின்று, உள்ளே நடக்கும் காலடிச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுவிட்டு நகர்வாள். ஸ்பேனர் பார்க்காதது போலிருப்பார். ஒருமுறை, அவள் கேட்காமலே, "பூஞ்சை எதுவும் இல்ல, மேடம்" என்றார்.

கடைசியில் வில்லைகளை வெளியே எடுத்து, வெங்காயத்தோல் போல மெல்லிசாக வெட்டி, சாயம் ஏற்றிக் கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டினார்கள். நிஜக் குருத்தெலும்பின் சரக்கு இருந்தால் சிவப்புச் சாயம் பிடிக்கும். வடு என்றால் பிடிக்காது. வேறு ஆட்களின் முழங்கால்களிலிருந்து வந்த வில்லைகளும் சேர்ந்து ஒரு பெட்டிச் சில்லுகள். அடையாளம் எல்லாம் மறைக்கப்பட்டு, கலைத்து அடுக்கப்பட்டிருந்தன. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று போடும் வேலையைப் பேராசிரியர் அவளிடமே கொடுத்தார். "எது யாருதுன்னு தெரியாதுல்ல, இப்ப நீ தாராளமா பாரு."

மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காராமல் முடியாது. உட்கார்ந்தாள். ஒவ்வொரு சில்லையும் பார்க்கும்போது இதுவா, இதுவா என்று மனம் அடித்துக்கொண்டது. வெளுப்பு, வெளுப்பு, விளிம்பில் மட்டும் இளஞ்சிவப்பு, மறுபடி வெளுப்பு. நடுவே ஒன்று நன்றாகச் சிவந்திருந்தது. எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, அதற்கும் மற்றவற்றுக்குப் போட்ட அதே கறார்க் கணக்கில் மதிப்பெண் போட்டாள். அந்த வேலை முடிந்தபோது, வேறெந்த நாளையும்விடக் களைத்திருந்தாள்.

மறைத்த எண்களைப் பிரித்தபோது அவள், ஸ்பேனர், பேராசிரியர் மூவரும் ஒன்றாக நின்று பார்த்தார்கள். சும்மா வைத்த வில்லைகள் பெரும்பாலும் வெளுத்திருந்தன. அமுக்கப்பட்டவற்றில் சிவப்பு கூடுதலாக இருந்தது. எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் விட்டுவிட முடியாத அளவுக்கு. நன்றாகச் சிவந்த அந்தச் சில்லு வேறு யாருடையதோ. அத்தையுடையது அமுக்கிய இடத்தில் விளிம்போரமாகத் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது. முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை.

"ஏதோ இருக்கு" என்றார் பேராசிரியர். "ஆனா இவ்வளவு கொஞ்ச முட்டியை வச்சு வெளிய ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னும் நிறைய வேணும். வர்றப்ப வரட்டும்."

வர்றப்ப வரட்டும் என்ற வார்த்தைதான் அவளுக்கு வேப்பங்காய்.

அத்தை முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "நடுவுலயா? யாரு முதல்ல?"

"தெரியாது. பேர் கிடையாது."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அதுவும் தெரியாது அத்தை. அதை விடுங்க. இன்னும் நிறைய முட்டி வேணுமாம், அதுதான் இப்பக் கவலை."

"முட்டிக்கா பஞ்சம்?" என்றார் அத்தை.

அடுத்த வாரமே கைத்தடியோடு டிப்போவுக்குக் கிளம்பிவிட்டார். மருமகளும் கூட வந்தாக வேண்டும் என்று பிடிவாதம். கேன்டீனில் பழைய கூட்டம் அப்படியே இருந்தது. புது முட்டியோடு நடந்துவரும் கண்டக்டரம்மாவைப் பார்த்ததும், "மருமக மருந்து வந்துடுச்சா?" என்று ஒருவர் எழுந்தார்.

"உக்காருங்க, சொல்றேன்" என்றார் அத்தை. தான் உட்காரவில்லை. "நான் உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன். இவ செய்றது நமக்கு ஆகாது. நம்ம முட்டிக்கு லேட்டாயிடுச்சு. யாரும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். டாக்டர் மாத்தச் சொன்னா மாத்திக்குங்க. வலிக்கும். நான் கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு. ஆனா நடக்கலாம்."

அவளுக்குக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இதைச் சொல்லவேண்டியவள் தான்தான் என்று தோன்றியது. வாயைத் திறப்பதற்குள் அத்தை அடுத்ததுக்குப் போய்விட்டார்.

"மாத்துறப்போ வெட்டி எடுக்குறதைக் குப்பையில போடாம இவளுக்குக் கொடுங்க. கையெழுத்துப் போட்டாப் போதும்."

பழைய டிரைவர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நமக்கு ஆகாதுன்னா நாம ஏன் கொடுக்கணும்?"

"நீ ஓட்டுன வண்டியில எல்லாம் நீயா ஊருக்குப் போன?"

ஒரு சிலர் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்றார். அவர் கடைசிவரை கொடுக்கவில்லை. வேறு சிலர் அங்கேயே அவளைச் சுற்றி நின்று, எங்கே போகவேண்டும், யாரிடம் சொல்லவேண்டும் என்று கேட்டார்கள். தன் முட்டி என்ன நிலைமையில் இருக்கிறது என்று அங்கேயே பேன்ட்டைச் சுருட்டிக் காட்டவும் ஒருவர் முயன்றார். ஒவ்வொருவருக்கும் அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: "இது உங்களுக்குப் பயன்படாதுங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கொடுக்கறதுன்னா கொடுங்க." முதல் ஆளிடம் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. போகப்போகச் சரளமாக வந்தது.

எல்லோரும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆனால் ஐஸ் பெட்டிகள் முன்பைவிட அடிக்கடி வரத் தொடங்கின. பெட்டியின் மேல் எண் மட்டும்தான். இது டிப்போ ஆளா, வேறு யாராவதா என்று அவளுக்குத் தெரியாது. அதனால் தொடத் தடையில்லை. சில முட்டிகளின் செல்கள் அமுக்கினாலும் அசையவில்லை, சில நன்றாகச் சிவந்தன. ஏன் இந்த வித்தியாசம் என்பது புதுத் தலைவலியாக முளைத்தது. பள்ளத்தை நிரப்பும் நாள் இன்னும் எட்டாத தூரத்தில்தான் இருந்தது. இன்குபேட்டர் சாவியை ஸ்பேனர் இன்னும் அவளிடம் தரவில்லை, அவளும் கேட்கவில்லை.

அத்தை இடது முட்டிக்கும் நாள் பார்க்கச் சொல்லிவிட்டார். "அதுவும் உங்களுக்குத்தான், ஆனா நீ தொடாத" என்று முன்கூட்டியே எச்சரிக்கை.

ஒரு நாள் நண்பகலில் ஆஸ்பத்திரி நர்ஸ் தள்ளுவண்டியில் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரே நாளில் இரண்டு வருவது அதுதான் முதல் தடவை.

"ரெண்டையும் நானே பாத்துடுவேன்" என்றாள் அவள், கையுறையை இழுத்துக்கொண்டே.

"ஒண்ணு எனக்கு" என்றார் ஸ்பேனர்.

"அப்ப பெருசு எனக்கு" என்று சொல்லி, அவர் கை நீட்டுமுன் மூடியைத் திறந்தாள்.